நின்றிருக்க வேண்டிய உற்பத்தி: சிஎஃப்சி-11 மீண்டும் காற்றில் கூடிய நிகழ்வு (2012–2021)

எதைப் பற்றிய ஆய்வு

2010க்குப் பிறகு உலகில் எங்குமே தயாரிக்கக் கூடாத ஒரு வேதிப்பொருள், 2012 அளவில் ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் கூடுதலாகக் காற்றில் கலக்கத் தொடங்கியது. எந்த நாட்டின் அறிக்கையிலும் அது இல்லை. சுங்கப் பதிவிலோ உரிமத்திலோ அதன் தடம் இல்லை. உலகின் சில மூலைகளில் காற்றை வாராவாரம் குடுவையில் பிடித்து அளந்துவந்தவர்கள்தான் அதைக் கண்டார்கள். அதன் பிறகு என்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, எவை பலித்தன, எது இன்னும் தீராமல் இருக்கிறது என்பதை இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறோம். இதில் சம்பந்தப்பட்ட ஆட்களின், ஆலைகளின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

பின்னணி: இந்தப் பொருள் மேலே போய் என்ன செய்கிறது

சிஎஃப்சி-11 குளோரோஃபுளோரோகார்பன் (சுருக்கமாகச் சிஎஃப்சி) வகையைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறில் ஒரு கார்பன், மூன்று குளோரின், ஒரு ஃபுளோரின். 23.7 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீப்பிடிக்காது, உலோகத்தை அரிக்காது, நச்சுத்தன்மை குறைவு. தொழிற்சாலையில் இவை எல்லாம் நற்குணங்கள். காற்றில் கலந்த பிறகு இதே குணங்கள்தான் கெடுதலாகின்றன. கீழ்வளிமண்டலத்தில் அதைச் சிதைக்க எதுவும் இல்லை. மழையில் கரையாது. மற்ற பல மாசுகளைத் துடைத்தெடுக்கும் ஹைட்ராக்சில் அதனிடம் தோற்றுவிடும். ஆகவே அது சராசரியாக 52 ஆண்டுகள் காற்றிலேயே இருக்கிறது. பூமி முழுவதும் பரவி, வெப்பமண்டலத்துக்கு மேலே எழும் காற்றோடு மெதுவாக, ஓசோன் படலம் உள்ள அடுக்குமண்டலத்துக்கு ஏறுகிறது.

அங்கே ஓசோனுக்கு மேலிருந்து வரும் கடும் புற ஊதாக் கதிர் அதன் கார்பன்–குளோரின் பிணைப்பை உடைக்கிறது. விடுபட்ட குளோரின் அணு ஓர் ஓசோனைத் தாக்கி ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து, குளோரின் மோனாக்சைடாகிறது. அந்த மோனாக்சைடு தனி ஆக்சிஜன் அணுவைச் சந்தித்ததும் குளோரின் மறுபடி விடுபட்டு அடுத்த ஓசோனைத் தேடிப் போகிறது. குளோரின் செலவாவதே இல்லை. ஹைட்ரஜன் குளோரைடாகவோ குளோரின் நைட்ரேட்டாகவோ அது அடங்குவதற்குள் ஓர் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழித்துவிடக் கூடும்.

தென்துருவத்தில் நிலைமை இன்னும் மோசம். குளிர்காலத்தில் அடுக்குமண்டலம் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போகும்போது அங்கே மேகங்கள் உருவாகின்றன. அடங்கிக் கிடந்த அந்த இரண்டு சேர்மங்களும் மேகத்துகள்களின் மேற்பரப்பில் வினைபுரிந்து குளோரின் வாயுவை வெளியிடுகின்றன. செப்டம்பரில் வெயில் திரும்பியதும் அந்த வாயு உடைகிறது. ஓசோன் துளை ஆண்டுதோறும் அந்தப் பருவத்தில் விரிவது இதனால்தான். ஓசோன் சிதைவுத் திறன் என்ற அளவுகோலே சிஎஃப்சி-11க்கு 1 என்று வைத்துத்தான் மற்ற பொருள்களை எடைபோடுகிறது.

இந்த ஆபத்தை 1974இல் இரண்டு வேதியியலாளர்கள் கணித்துச் சொன்னார்கள். 1985இல் அண்டார்டிக்காவின் ஹாலி நிலைய அளவீடுகள் துளையைக் காட்டின. 1987 செப்டம்பர் 16 அன்று, ஓசோனைக் கெடுக்கும் பொருள்களை நிறுத்துவதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்த வளரும் நாடுகளுக்குக் கடைசிக் கெடு 2010. இந்தியா அதற்கு முன்பே, 2008 ஆகஸ்ட் 1இல், மருந்துத் தேவைக்கு விலக்கு வைத்துச் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது (இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது). சீனா 2007இலேயே நிறுத்திவிட்டதாக அறிவித்தது.

எதிர்பார்த்தது என்ன

தயாரிப்பு நின்றாலும் வெளியேற்றம் உடனே நிற்காது. பழைய குளிர்பதனப் பெட்டி, குளிர்கிடங்குச் சுவர், கட்டடக் கூரை என்று எங்கெல்லாம் வெப்பத்தைத் தடுக்கும் பாலியூரித்தேன் கெட்டிநுரை இருக்கிறதோ அங்கெல்லாம் அதன் மூடிய குமிழ்களுக்குள் சிஎஃப்சி-11 அடைபட்டிருக்கிறது. அது கசிந்துகொண்டேதான் இருக்கும்.

அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். காற்றில் ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று என்ற அளவு கூட வேண்டுமானால் சுமார் 24,000 டன் சிஎஃப்சி-11 தேவை. இந்த அளவை இனி ‘ஒரு அலகு’ என்போம். 1990களின் தொடக்கத்தில் 268 அலகு அளவில் உச்சம் தொட்ட செறிவு, பின்னர் இறங்கி 235 அளவுக்கு வந்தது. 235 அலகு என்றால் ஏறத்தாழ 57 லட்சம் டன். ஆயுள் ஐம்பது சொச்சம் ஆண்டு என்றால், ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் டன், அதாவது நான்கு அலகுக்குச் சற்று மேல், சிதைந்தாக வேண்டும். ஆனால் 2002 முதல் 2012 வரை காற்றில் கண்ட குறைவு ஆண்டுக்கு இரண்டு அலகுதான். மீதி இரண்டு அலகு, ஐம்பதாயிரம் டன்னையொட்டி, பழைய நுரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இதில் யாருக்கும் வியப்பில்லை. நுரையில் மிச்சமிருப்பது குறையக் குறையக் கசிவும் குறையும், காற்றில் செறிவு இன்னும் வேகமாக இறங்கும் என்பதே எதிர்பார்ப்பு.

முதல் அறிகுறி

அமெரிக்கக் கடல்-வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவின் குடுவைகள் ஆர்க்டிக் முதல் தென்துருவம் வரை பல நிலையங்களில் நிரப்பப்பட்டு, கொலராடோவின் போல்டர் நகர ஆய்வகத்துக்கு வருகின்றன. வாயுப் பகுப்பானில் பிரித்து, எலக்ட்ரான் கவர் உணரியாலும் நிறை நிறமாலைமானியாலும் அளக்கிறார்கள். குளோரினுக்கு எலக்ட்ரானைக் கவரும் குணம் மிகுதி. அதனால்தான் இவ்வளவு நுண்ணிய செறிவையும் எலக்ட்ரான் கவர் உணரி பிடித்துவிடுகிறது.

2012க்குப் பிறகு இறக்கம் தளர்ந்தது. ஆண்டுக்கு இரண்டு அலகாக இருந்தது ஒன்றை நோக்கி வந்தது. செறிவு கூடவில்லை, குறையும் வேகம் மட்டும்தான் பாதியானது. ஓர் ஆண்டுத் தரவில் அது கண்ணுக்கே தெரியாது. தெரிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். இந்த நிகழ்வு முழுவதையும் தாமதப்படுத்தியது இதுதான்.

மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது

இப்படி ஒரு தளர்வைப் பார்த்ததும் களவு உற்பத்தி என்று முடிவு கட்ட முடியாது. எளிய விளக்கங்கள் வேறு இருந்தன.

கருவிப் பிழையாக இருக்குமா? வெவ்வேறு கருவிகளும் வெவ்வேறு வலையமைப்புகளும் ஒரே போக்கைக் காட்டின. இந்தக் கேள்வி விரைவிலேயே முடிந்தது.

பழைய கட்டடங்களை இடிப்பது கூடியிருக்குமா? கூடியிருக்கலாம். ஆனால் கண்ட அளவை விளக்க வேண்டுமானால் நுரையிலிருந்து கசியும் வீதமே 2012ஐ ஒட்டித் திடீரென ஏறியிருக்க வேண்டும். இடிப்பு அப்படி ஒரே ஆண்டில் தாவாது.

கடினமான கேள்வி மூன்றாவது. அடுக்குமண்டலக் காற்றோட்டம் மாறினால், சிதைவு நடந்து சிஎஃப்சி குறைந்த காற்று கீழே இறங்குவது தாமதப்பட்டு, வெளியேற்றம் கூடாமலேயே தரைமட்டச் செறிவு மெதுவாக இறங்கும். இதை முழுக்க ஒதுக்க முடியவில்லை. முப்பரிமாண மாதிரிகளில் ஓட்டிப் பார்த்தபோது, முதலில் கணித்த கூடுதல் வெளியேற்றத்தில் பாதி வரை இதன் பங்காக இருக்கலாம் என்று வந்தது. அதை மறைக்காமல் முடிவோடு சேர்த்தே எழுதியது, பின்னால் வந்த விமர்சனங்களை அந்த ஆய்வு தாங்கி நிற்க உதவியது.

இந்த ஐயத்துக்கு எதிராக நின்ற வலுவான சான்று அரைக்கோள வேறுபாடு. வடபாதிக் காற்றும் தென்பாதிக் காற்றும் கலக்க ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். வடக்கே புதிதாக ஏதாவது வெளியேறினால் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வித்தியாசம் கூடும். கூடியது, 50 சதவீதம். இதோடு ஹவாயில் 3,397 மீட்டர் உயரத்தில் உள்ள மௌனா லோவாவில், தொழிற்பகுதிகளின் மற்ற வாயுக்கள் ஏறும் நாட்களில் சிஎஃப்சி-11உம் சேர்ந்து ஏறத் தொடங்கியிருந்தது. காற்று வந்த திசை கிழக்காசியா.

2018 மே: வெளியிடும் முடிவு

கூடுதல் வெளியேற்றம் ஆண்டுக்கு 13,000 டன், பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 5,000 டன் என்று கணித்து, அறிவிக்கப்படாத புதிய உற்பத்தியே இதற்கு ஏற்ற விளக்கம் என்று 2018 மே மாதம் ஆய்வுக் கட்டுரை வெளியானது. கிழக்காசியா என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்த நாட்டையும் குற்றம் சாட்டவில்லை. ஹவாயில் கிடைக்கும் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் கடந்து கலந்து வருவது, அதை வைத்து ஒரு மாகாணத்தைச் சுட்ட முடியாது. சான்று எங்கே முடிகிறதோ அங்கேயே நிறுத்திக்கொண்ட அந்த முடிவு சரியானது என்பதே எங்கள் மதிப்பீடு. தவறான நாட்டைச் சொல்லியிருந்தால் பேச்சுவார்த்தை அங்கேயே முறிந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் புலனாய்வு அமைப்பு ஒன்று சீனாவில் நுரை தயாரிப்போரிடம் பேசி அறிக்கை தந்தது. 10 மாகாணங்களில் 18 நிறுவனங்கள் சிஎஃப்சி-11 பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டிருந்தன.

ஏன் பழைய பொருளுக்குத் திரும்பினார்கள்

கெட்டிநுரை செய்ய இரண்டு திரவங்கள் வேண்டும். ஒன்று ஐசோசயனேட், மற்றொன்று பாலியால். பாலியாலோடு வினையூக்கி, குமிழைச் சீராக்கும் சிலிக்கோன், கொஞ்சம் தண்ணீர், நுரை எழுப்பும் திரவம் எல்லாம் முன்கூட்டியே கலந்து பீப்பாயில் வரும். இரண்டும் சேர்ந்ததும் வினையின் சூட்டில் அந்தத் திரவம் ஆவியாகிக் குமிழ்களை ஊதுகிறது. கெட்டியான பிறகு அந்த ஆவி குமிழுக்குள்ளேயே தங்கி வெப்பத்தைத் தடுக்கிறது. நுரையின் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை அதுதான்.

சிஎஃப்சி-11 ஆவியின் வெப்பக் கடத்தல் காற்றினுடையதில் மூன்றில் ஒரு பங்கு. அறைச்சூட்டைத் தொட்டாற்போல் கொதிப்பதால் சாதாரணக் கலவை இயந்திரமே போதும். அதற்கு மாற்றாக வந்த எச்சிஎஃப்சி-141பி 32 டிகிரியில் கொதிக்கும், அதுவும் ஓசோனைக் கெடுக்கும், சிதைவுத் திறன் பத்தில் ஒரு பங்கு. ஒப்பந்தப்படி 2013 முதல் வளரும் நாடுகளில் அதற்கும் உச்சவரம்பு விழுந்தது. ஓசோனைத் தொடாத சைக்ளோபென்டேன் மலிவு, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதற்கு மாற வேண்டுமானால் வெடிப்புத் தடுப்பு மின்சாதனம், வாயு எச்சரிக்கைக் கருவி, காற்றோட்டம், தனிச் சேமிப்புத் தொட்டி என்று முதலீடு தேவை. பெரிய குளிர்பதனப் பெட்டி ஆலைகள் அதைச் செய்தன. கொட்டகையில் தெளிப்பு நுரையும் சுவர்ப் பலகையும் செய்யும் சிறு பட்டறைகளால் முடியவில்லை. அந்த நேரத்தில் கட்டடக் காப்பு நுரைக்குத் தேவையோ பெருகிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் மலிவாகக் கிடைத்தது சிஎஃப்சி-11.

செய்வதற்கும் பெரிய ஆலை வேண்டியதில்லை. கார்பன் டெட்ராகுளோரைடும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் ஆன்டிமனி வினையூக்கியும் போதும். கார்பன் டெட்ராகுளோரைடு குளோரோமீத்தேன் ஆலைகளில் வேண்டாத உபபொருளாகக் கிடைக்கிறது. வேறு வேதிப்பொருளுக்கு மூலப்பொருளாகப் பயன்படுத்துவதை ஒப்பந்தம் அனுமதிக்கிறது. அந்த அனுமதிக்குள் எத்தனை டன் வழி மாறுகிறது என்று பார்க்க ஆளில்லை. கலந்த பாலியால் பீப்பாய்க்கு வெளியே எழுதியிருப்பதும் வெறும் பாலியால் என்றுதான். திறந்து மாதிரி எடுத்துப் பகுப்பாய்வு செய்யாத வரை உள்ளே எந்தத் திரவம் என்று தெரியாது.

2019: இரண்டு தீவுகள்

தென்கொரியாவின் ஜெஜு தீவில் கோசான் நிலையம், ஜப்பானின் தென்கோடியில் ஹதெருமா தீவு. இரண்டிலும் காற்றை இடைவிடாமல் அளக்கிறார்கள். சீனப் பெருநிலத்திலிருந்து காற்று வீசும் நாட்களில் கோசானில் சிஎஃப்சி-11 திடீரென ஏறுவதும், கடலிலிருந்து வீசும்போது அடிநிலைக்குத் திரும்புவதும் பதிவாகின. 2012க்குப் பிறகு அந்த ஏற்றங்கள் உயரமாயின.

காற்று எந்த வழியாக வந்தது என்று வானிலைத் தரவை வைத்துப் பின்னோக்கி ஓட்டி, எந்த நிலப்பரப்பிலிருந்து எவ்வளவு வெளியேறினால் இந்த ஏற்றங்கள் வரும் என்று கணக்கிட்டார்கள். புகை வரும் பக்கம் பார்த்து அடுப்பைத் தேடுவது போன்ற வேலை. ஒரே மாதிரியை நம்பாமல் இரண்டு வெவ்வேறு காற்றோட்ட மாதிரிகளிலும் பல கணக்கு முறைகளிலும் செய்தார்கள். அதனால்தான் விடையில் நம்பிக்கை வந்தது. 2008–2012 சராசரியைவிட 2014–2017இல் கிழக்குச் சீனாவிலிருந்து ஆண்டுக்கு 7,000 டன் (கூட்டியோ குறைத்தோ 3,000) அதிகம், பெரும்பாலும் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றி. உலக அளவிலான உயர்வில் இது 40 முதல் 60 சதவீதம். வெப்பமூட்டும் திறனில் இந்த 7,000 டன் ஆண்டுக்கு மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம்.

மீதிப் பங்கு எங்கிருந்து? நிலையங்கள் இருக்கும் மற்ற பகுதிகளில் உயர்வு தென்படவில்லை. நிலையமே இல்லாத பகுதிகளைப் பற்றி எதுவும் சொல்ல இயலவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தெளிவான சிக்னல் கிடைத்ததற்குக் காரணம், உற்பத்திப் பகுதிக்குக் காற்றுத் திசையில் இரண்டு நல்ல நிலையங்கள் இருந்தது. அது தற்செயல். இதே பட்டறைகள் வேறொரு கண்டத்தில் இருந்திருந்தால் ‘உயர்ந்திருக்கிறது’ என்பதோடு விசாரணை நின்றிருக்கும்.

எடுத்த நடவடிக்கை

2018 நவம்பரில் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் கூடிய ஒப்பந்த நாடுகள், எதிர்பாராத சிஎஃப்சி-11 வெளியேற்றம் குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்றி, அறிவியல் குழுவிடமும் தொழில்நுட்பக் குழுவிடமும் அறிக்கை கேட்டன. சீன அரசு நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சோதித்தது, சட்டவிரோதத் தயாரிப்பு இடங்களைக் கலைத்தது, கார்பன் டெட்ராகுளோரைடு உபபொருளாக வரும் ஆலைகளைக் கண்காணிப்பில் வைத்தது, பரிசோதனைக் கூடங்களை ஏற்படுத்தியது. 2020இல் ஜெஜியாங் மாகாணத்தில் சிஎஃப்சி-11 பயன்படுத்தி நுரை செய்த ஒருவருக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது.

சோதனையில் சிக்கியவை பெரும்பாலும் சிறிய இடங்கள். ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் வெளியேற வேண்டுமானால் உற்பத்தி அதைவிடப் பலமடங்கு இருந்திருக்க வேண்டும். கெட்டிநுரை செய்யும்போது தப்பிப் போவது சிறு பங்கு, பெரும்பகுதி உள்ளே அடைபடுகிறது. அவ்வளவு பெரிய உற்பத்தி எங்கே நடந்தது என்பதற்கு முழு விளக்கம் பொதுவெளிக்கு வரவில்லை.

விளைவு

2021 பிப்ரவரியில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. உலக வெளியேற்றம் 2018இலிருந்து 2019க்குள் 18,000 டன் குறைந்து 52,000 டன்னுக்கு, அதாவது பழைய நிலைக்கு, வந்திருந்தது. கிழக்குச் சீனாவின் வெளியேற்றம் 5,000 டன். 2008–2012இன் 7,200ஐவிடக் குறைவு. ஓர் ஆண்டில் இவ்வளவு வீழ்ச்சி இயல்பாக நிகழாது. நெருக்குதல் வேலை செய்தது. ஓசோன் மீட்சியில் பெரிய தாமதம் தவிர்க்கப்பட்டது. ஒப்பந்தம் மீறப்படாமல் நடந்தால், துருவங்களுக்கு வெளியே 2040 அளவிலும், ஆர்க்டிக்கில் 2045 அளவிலும், அண்டார்டிக்காவில் 2066 அளவிலும் ஓசோன் 1980 நிலைக்குத் திரும்பும் என்பது 2022ஆம் ஆண்டின் அறிவியல் மதிப்பீடு.

ஆனால் செய்த நுரை போய்விடவில்லை. சீனாவில் அடைபட்ட சிஎஃப்சி-11 இந்தக் களவு உற்பத்தியால் 1,12,000 டன் வரை கூடியிருக்கலாம். அது சுவர்களுக்குள் இருக்கிறது, பல பத்தாண்டுகள் கசியும்.

மாற வேண்டியவை

முதலாவது, அளவீட்டு இடைவெளி. இந்தியத் துணைக்கண்டம், மேற்காசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகியவற்றில் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று சொல்லும் அளவுக்கு அடர்த்தியான, இடைவிடாத அளவீடு இல்லை. தெரிந்துகொண்டே விட்டுவைத்திருக்கும் குருட்டுப் பகுதி இது. இதை நிரப்புவதற்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 2012இல் தொடங்கியது 2018இல்தான் வெளிவந்தது. 

அடுத்தது மூலப்பொருள் விலக்கு. நாடுகள் தாங்களே எழுதித் தரும் கணக்கைத் தவிர இதற்குச் சரிபார்ப்பு இல்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, வேறு ஐந்து சிஎஃப்சிகள் 2010 முதல் 2020 வரை காற்றில் கூடிவந்ததைக் காட்டியது. அவற்றில் சில, தடை செய்யப்படாத வேறு பொருள்களைத் தயாரிக்கும்போது கசிபவை. குளோரோமீத்தேன் ஆலையில் உண்டாகும் கார்பன் டெட்ராகுளோரைடை டன் கணக்கில் அளந்து, அது போன இடத்து ரசீதோடு ஒப்பிட்டால்தான் வழி அடைபடும்.

மாற்றுப் பொருளுக்கான உதவி சிறு பட்டறை வரை போய்ச் சேர வேண்டும். தடையும் விலையேற்றமும் ஒரே நேரத்தில் வந்து, இயந்திரம் மாற்றப் பணம் வராத இடத்தில்தான் இந்தச் சந்தை முளைத்தது. எச்சிஎஃப்சிகளுக்கும், அவற்றுக்கு மாற்றாக வந்த எச்எஃப்சிகளுக்கும் கெடு நெருங்கும் எல்லா நாடுகளுக்கும் இது பொருந்தும்.

ஆய்வாளர்களுக்கு நடைமுறைக் குறிப்பு: பாலியால் பீப்பாயின் சீட்டை நம்பாமல் மூடியைத் திறந்து, திரவத்தின் மேலுள்ள ஆவியில் மாதிரி எடுத்து வாயுப் பகுப்பானில் ஓட்ட வேண்டும். 24 டிகிரியில் கொதிக்கும் பொருள் வெயிலில் வைத்த பீப்பாயில் அழுத்தம் ஏற்றும் என்பதால் மூடியை மெல்லத் தளர்த்த வேண்டும். திரவம் கிடைக்காவிட்டால் ஆறிய நுரைத் துண்டே போதும். காற்றுப்புகாத குப்பிக்குள் வைத்து நொறுக்கினால் குமிழில் அடைபட்டது வெளியே வரும். செய்து பல ஆண்டுகள் கழிந்த பலகையிலும் அது இருக்கும்.